மன்னிக்க ஹோம்ஸ் யார்?

நமது பெருநாள் மலர்களைப் பத்து வருடக் கணக்கில் ஒரு மேசையில் அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கதைகள் தவறாமல் இருக்கும். ஒன்றில் வாப்பாவை இழந்த சிறுவன் புதுச் சட்டையில்லாமல் பள்ளிவாசல் தூணோரம் நிற்பான். மற்றதில் ஒரு ஹாஜியார் ஸகாத் பணத்துக்காக ஏழைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருப்பார். தக்பீர் முழங்கும். கடைசிப் பந்தியில் ஹாஜியாரின் கண்கள் பனிக்கும். சிறுவனுக்குச் சட்டை கிடைக்கும். வாசகருக்கு வட்டிலப்பம் கிடைக்கும்.

இந்தக் கதைகளில் அநியாயம் இருக்கிறது, அநியாயக்காரர் இல்லை. சிறுவனுக்குச் சேர வேண்டிய பங்கு எங்கே போனது, கணக்கை எழுதியவர் யார், பார்த்தும் பேசாமலிருந்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பெருநாள் கெட்டுவிடுமாம். கேள்வி கேட்டால் கெட்டுப்போகிற பெருநாள் ஏற்கனவே கெட்டுத்தான் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பெருநாள் துப்பறியும் கதை வேண்டும். ஒரே துப்பறிவாளர் வருடா வருடம் வந்துபோகிற ஒரு கதை வரிசை வேண்டும். இதை நண்பர்களிடம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், சிலர் கோபித்தார்கள். சிரித்தவர்கள் இலக்கியத்தின் பெயரால் சிரித்தார்கள். கோபித்தவர்கள் மார்க்கத்தின் பெயரால் கோபித்தார்கள். இரு சாராருக்கும் பதில் உண்டு. அதற்கு முன், பண்டிகைத் துப்பறியும் கதை என்ற பண்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்துவிடுவோம்.

*

ஆர்தர் கொனன் டொய்ல் ஷெர்லொக் ஹோம்ஸ் வரிசையில் எழுதிய நீல மாணிக்கக் கதை 1892 ஜனவரியில் லண்டன் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் வெளிவந்தது. இந்த வகைக்கு அதுவே இன்றுவரை அளவுகோல். நானாட்டான் பக்கம் நறுவிலிக்குளத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், கத்தோலிக்கர். ஒவ்வொரு நத்தாருக்கும் இந்தக் கதையை எடுத்து வாசிப்பது அவர் வழக்கம். "இதுதான் சேர் உண்மையான நத்தார் கதை. கடைசியில் கள்ளனையே மன்னிக்கிறான் பாருங்கோ" என்று சொல்லி அதை எனக்குத் தந்தவர் அவர்தான். அவருடன் நான் முரண்படத் தொடங்கியதும் அந்த மன்னிப்பிலிருந்துதான்.

கதை இதுதான். ஒரு சீமாட்டியின் நீல மாணிக்கம் லண்டனில் ஒரு ஹொட்டேல் அறையிலிருந்து டிசம்பர் 22ஆம் திகதி களவு போகிறது. அந்த அறையில் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்த ஹோர்னர் என்ற தொழிலாளியைப் பொலிஸ் பிடிக்கிறது. அவன்மீது பழைய திருட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. அது போதும். உண்மையில் எடுத்தவன் ஹொட்டேலின் தலைமைப் பணியாள் ரைடர். சீமாட்டியின் பணிப்பெண்ணோடு சேர்ந்து திட்டமிட்டு, ஹோர்னரை வேண்டுமென்றே அந்த அறைக்கு அழைத்து, பழி அவன்மீது விழும்படி செய்தவனும் அவனே. கல்லை ஒளிக்க வழி தெரியாமல் சகோதரி வளர்த்த நத்தார் வாத்தின் தொண்டைக்குள் தள்ளுகிறான். வாத்து மாறிப்போகிறது. ஹோம்ஸ் ஒரு பழைய தொப்பியிலிருந்து தொடங்கி, மதுக்கடை, சந்தை என்று நடந்து ரைடரைப் பிடிக்கிறார். ரைடர் காலில் விழுந்து அழுகிறான். ஹோம்ஸ் கதவைத் திறந்து அவனைப் போகச் சொல்கிறார். பொலிசின் குறைகளை நிரப்புவது தன் வேலையில்லை, அதோடு இது மன்னிப்பின் காலம் என்பது அவர் நியாயம். பிறகு இராச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார். அதுவும் பறவைக் கறி.

அழகான கதை. தொப்பியை வைத்து ஆளையே சொல்லும் இடத்தை எத்தனை தரம் வாசித்தாலும் அலுக்காது. ஆனால் ஹோம்ஸ் சாப்பிட உட்காரும் அந்த நேரத்தில் ஹோர்னர் எங்கே இருக்கிறான்? சிறையில். நத்தார் அன்று எங்கே இருந்தான்? சிறையில். ரைடர் சாட்சி சொல்ல வரமாட்டான், ஆகவே வழக்கு தானாக விழுந்துவிடும் என்று ஹோம்ஸ் ஒரு வாக்கியத்தில் ஹோர்னரின் கணக்கை முடித்துவிடுகிறார். அவன் வெளியே வருவதை டொய்ல் காட்டவில்லை. அவன் நிரபராதி என்று யாராவது உரத்துச் சொன்னார்களா என்றும் காட்டவில்லை. சாட்சி வராததால் விழுந்த வழக்கு ஒருவனைக் குற்றமற்றவனாக்குவதில்லை. தப்பிவிட்டவனாகத்தான் ஆக்கும். அடுத்த களவு நடக்கும்போது பொலிஸ் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்ல ஹோம்ஸ் தேவையில்லை.

பண்டிகைத் துப்பறியும் கதையின் உள்விதி இங்கே தெரிகிறது. வரிசையின் மற்றக் கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி பிடிபடுவான். பண்டிகைக் கதையில் துப்பறிவாளர் சட்டத்தைத் தாண்டி இரக்கம் காட்டுவார். அந்த இரக்கம்தான் பண்டிகைப் பலகாரம். செஸ்டர்டன் 1911இல் நூலாக்கிய பாதர் பிரவுண் கதைகளிலும் இப்படி ஒன்று உண்டு. நத்தாருக்கு மறுநாள், வீட்டு நாடகம் நடக்கும்போது வைரங்கள் களவு போகின்றன. பாதர் பிரவுண் மரத்தின் மேலிருக்கும் கள்ளனிடம் பேசியே கற்களைத் திருப்பி வாங்குகிறார். அவனைப் பிடித்துக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நீ எடுத்ததற்காக ஒரு நிரபராதி இளைஞன்மீது ஏற்கனவே சந்தேகம் விழுந்துவிட்டது என்று சொல்லித்தான் அவர் கள்ளனின் மனதை உடைக்கிறார். பழி சுமந்தவனை அவர் மறக்கவில்லை. ஹோம்ஸ் மறந்துவிட்டார்.

இனி எங்கள் பக்கத்துக் கேள்வியைக் கேட்கலாம். ரைடரை மன்னிக்க ஹோம்ஸ் யார்?

கல் ஹோம்ஸுடையதல்ல. சிறைவாசமும் அவருடையதல்ல. ரைடர் அநியாயம் செய்தது ஹோர்னருக்கு. மார்க்கம் படித்த எந்தப் பிள்ளையும் இங்கே நிறுத்திக் கேட்கும். ஹக்குல் இபாத் என்று நாம் ஓதிப் படிக்கவில்லையா? அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான் மன்னிக்க வேண்டும். தொழுகையும் நோன்பும் நிறைய வைத்திருந்தும், ஒருவரை ஏசி, ஒருவர்மீது பழி சுமத்தி, ஒருவர் பொருளைத் தின்றதால் மறுமையில் எல்லா நன்மைகளையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் வங்குரோத்துக்காரனைப் பற்றிய நபிமொழியை மிம்பரில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எதற்காக? அல்லாஹ்விடம் நேரே கேட்டுவிட்டால் போதாதா? போதாது என்பதால்தான் அந்த வழக்கம்.

நான் இரக்கத்துக்கு எதிரி இல்லை. பஞ்ச காலத்தில் திருட்டுக்கான தண்டனையை உமர் (ரலி) நிறுத்தி வைத்த வரலாறு நம்முடையது. பசித்தவன் எடுத்தால் முதலில் ஆட்சியாளரைக் கேள் என்கிற இரக்கம் அது. அழுகிறவனைக் கண்டதும் பொங்கி, அழாமல் சிறையில் கிடப்பவனை மறந்துவிடும் இரக்கம் வேறு சாதி. நமது பெருநாள் மலர்களில் ஹாஜியாரின் கண்ணீரோடு கதை முடிவதும் அந்தச் சாதிதான். அழுதவர் மன்னிக்கப்பட்டார். வெயிலில் நின்றவர்களிடம் யாராவது கேட்டார்களா?

*

இப்போது கோபித்தவர்களுக்கு வருகிறேன். துருவித் துருவி ஆராய்வது குர்ஆனில் தடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே துப்பறிவாளரை நாயகனாக்குவது தகாது என்கிறார்கள். 49ஆவது அத்தியாயம் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தைக் காட்டுகிறார்கள். அதே வசனம் எங்கிருந்து தொடங்குகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். மிதமிஞ்சிய சந்தேகத்தைத் தவிர்க்கும்படி சொல்லித்தான் அது தொடங்குகிறது. அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், ஒருவர் செய்தி கொண்டுவந்தால் விசாரித்துத் தெளியுங்கள், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்று எச்சரிக்கிறது. பிறர் அந்தரங்கத்தை மோப்பம் பிடிப்பது ஒன்று. பழி சுமத்தப்பட்டவனுக்காக உண்மையைத் தேடுவது இன்னொன்று. நல்ல துப்பறியும் கதை சந்தேகத்தைக் கொன்று சான்றை நிறுத்துகிறது.

யூசுப் நபியின் வரலாற்றில் சட்டை எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். பொய் இரத்தம் பூசிய ஒரு சட்டையைத் தந்தை நம்பவில்லை. இன்னொரு சட்டை முன்புறம் கிழிந்ததா பின்புறம் கிழிந்ததா என்று பார்க்கச் சொல்லி ஒரு சாட்சி தீர்ப்புக்கு வழி காட்டுகிறார். ஹோம்ஸின் தொப்பி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முந்திய தடயம் அது. சட்டை உண்மை சொன்ன பிறகும் யூசுப் சிறைக்குப் போனார் என்பதையும், விடுதலை வந்தபோது முதலில் தன்மீதான பழியை விசாரியுங்கள் என்று சொல்லித்தான் வெளியே வந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஹோர்னருக்கு டொய்ல் கொடுக்காதது அதைத்தான்.

சிரித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழில் துப்பறியும் கதை நேற்று வந்த சரக்கு அல்ல. தானவன் என்ற பொலிஸ் நிபுணனைப் பற்றிய கதைகளை நடேச சாஸ்திரி 1894இல் எழுதினார். அதற்கும் முன், 1885இல், இந்த மண்ணிலிருந்து சித்தி லெப்பை தந்த அசன்பே சரித்திரம், களவாடப்பட்ட ஒரு குழந்தை வளர்ந்து தான் யாரென்று கண்டடையும் கதை. குற்றமும் தேடலும் அதன் முதுகெலும்பு. நமது நாவலின் தொடக்கத்திலேயே இருந்ததை இலக்கியமல்ல என்று இப்போது யார் தீர்ப்பளிப்பது?

வங்காளிகள் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். சத்யஜித் ராய் தன் பெலுதா வரிசைக் கதைகளில் பலவற்றைத் துர்க்கா பூஜை மலர்களுக்கென்றே எழுதினார். அவற்றில் ஒன்று காசியில் பூஜைக் காலத்திலேயே நடக்கிறது. களவு போனதாகத் தேடப்படும் சிறிய விநாயகர் சிலை, பூஜைக்காகச் செய்யப்படும் துர்க்கை உருவத்தின் சிங்க வாய்க்குள் சுயிங்கத்தால் ஒட்டப்பட்டு இருக்கிறது. பண்டிகையின் நடுவில் குற்றத்தை வைத்தால் பண்டிகை அசுத்தமாகிவிடும் என்று அவர் பயப்படவில்லை. அந்த ஊர் வாசகர்களும் பயப்படவில்லை.

தமிழ்நாட்டின் துப்பறியும் வரிசைகளில் தமிழ்வாணனின் சங்கர்லால் முதல் சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா வரை வாசித்து வளர்ந்தவன் நான். அவர்களுக்கு நன்றிக்கடன் உண்டு. ஆனால் நான் வாசித்த அந்தக் குவியலில் நமது பெயருடையவர் எங்கே வருகிறார்? கடத்தல்காரர், குண்டு வைப்பவர், அல்லது கடைசிவரை நல்லவராக இருந்து நாயகனுக்காகச் செத்துப்போகும் பாய். தடயத்தைக் கையில் எடுத்து யோசிக்கிறவராக வருவதில்லை. பிறரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எழுதாத நாற்காலியில் மற்றவர்கள் தமக்குத் தெரிந்தவரை உட்கார வைக்கிறார்கள்.

*

உண்மையான புதைகுழிகள் உள்ள நாட்டில் இது என்ன விளையாட்டு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மன்னார் நகரில் 2018இல் சதொச கட்டட வளவில் தோண்டியபோது 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்த மண் இது. ஒவ்வொரு சாவுக்கும் விசாரணை உண்டு, ஒவ்வொரு பழிக்கும் பதில் உண்டு என்பது துப்பறியும் கதை வாசகருக்குக் கொடுக்கும் வாக்குறுதி. இங்கே அந்த வாக்குறுதியை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து போனவர்களில் பலருக்குப் பல வருடப் பெருநாள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில்தான் விடிந்தது. அங்கே யார் செய்தார்கள் என்ற மர்மம் இல்லை. ஆனாலும் நமக்குச் செய்யப்பட்டதை மட்டும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. பண்டிகைக் காலையில், ஜெபத்தில் இருந்தவர்கள் நடுவிலும் ஹொட்டேல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வெடிக்க வைத்தவர்கள் நமது பெயர்களைக் கொண்டவர்கள். பண்டிகைக் குற்றம் என்றால் இதைவிட வேறென்ன? அதன் பின் வந்த பெருநாள் மலர்களிலும் சிறுவனுக்குச் சட்டை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் குண்டுகளுக்குப் பின் ஹோர்னர்களைப் பிடிக்கும் வேலை தொடங்கியது. மன்னார் மாவட்டத்தின் இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வெளிவந்த அவரது 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று சொல்லி, 2020 மே 16ஆம் திகதி, நோன்பு மாதத்தில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். இரண்டு நோன்புப் பெருநாள், இரண்டு ஹஜ்ஜுப் பெருநாள், ஆக நான்கு பெருநாள்கள் தடுப்பில். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உவமையைத் தடயமாக வாசித்தவர்கள் நடத்திய துப்பறிதல் இது. சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. யார் சட்டை என்று மட்டும் பார்த்தார்கள்.

கவிஞர்களாகிய நாமும் எழுத்தாளர்களாகிய நாமும் இதை எந்தப் பெருநாள் கதையில் எழுதினோம்?

*

விமர்சிப்பது எளிது, எழுதிக் காட்டு என்பார்கள். முழுக் கதைக்கு இங்கே இடமில்லை. எலும்புக்கூட்டை மட்டும் வைக்கிறேன். தசை வைக்க விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

களம் நறுவிலிக்குளமும் அதன் அயலும். நறுவிலி என்பது மரத்தின் பெயர். அதன் பழச் சதை பசைபோல ஒட்டும். கடைப் பசை வாங்க வழியில்லாத பிள்ளைகள் அதைப் பிதுக்கித்தான் பட்டமும் கொப்பி உறையும் ஒட்டுவார்கள். தெற்கே அரிப்புக் கடல். முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், முத்தை விழுங்கிவிட்டான் என்ற சந்தேகத்தில் சுழியோடிகளை அடைத்துவைத்துப் பேதி மருந்து கொடுத்ததை ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் சொல்கின்றன. லண்டனில் கல்லுக்காக வாத்தின் வயிற்றைக் கிழித்தார்கள் என்றால், எங்கள் கரையில் மனிதன் வயிற்றைக் கலக்கினார்கள். சந்தேகம் யார் உடம்பில் முதலில் இறங்கும் என்பது இந்தக் கரைக்கு நெடுநாள் பாடம்.

துப்பறிவாளர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். 1990இல் வெளியேறிப் புத்தளத்தில் முகாம் முகாமாகக் கடிதம் கொடுத்து, பிறகு ஊர் திரும்பியவர். எந்தக் கையெழுத்து யாருடையது, எந்த உறை எப்படி ஒட்டப்பட்டது என்று அறிந்தவர். பெயரை நீங்களே வையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய இரவு. கூட்டுக் குர்பானிக்காக ஏழு பேர் சேர்த்த பணம் ஓர் உறையில் இருக்கிறது. ஒட்டிய உறையைப் பிரித்தபோது இரண்டு பங்கு குறைகிறது. அந்த வீட்டில் மின்விளக்குப் பூட்ட வந்துபோன இளைஞன் ஒருவன் இருக்கிறான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே இருந்துவிட்டு நிரபராதியாக வெளியே வந்தவன். எல்லாருடைய கண்ணும் அவன்மீது. பெருநாள் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார்கள் பெரியவர்கள். அவன் தொழுகைக்கு வராமலிருப்பது நல்லது என்று ஒருவர் மெதுவாகச் சொல்கிறார்.

தபால்காரர் உறையை விளக்கில் பிடிக்கிறார். உறை வாயில் எறும்பு மொய்த்திருக்கிறது. கடைப் பசையில் எறும்பு இப்படி மொய்ப்பதில்லை. பிரித்து, எடுத்து, நறுவிலிப் பழத்தால் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். உறை பூட்டிய அலுமாரியில் இருந்தது, திறப்பு ஒருவரிடம் மட்டும். எடுத்தவர் ஊர் மதிக்கும் கணக்காளர். கடன் நெருக்கியது, பெருநாள் முடிந்ததும் வைத்துவிடுவேன் என்று அழுகிறார்.

இந்த இடத்தில்தான் ஹோம்ஸும் நாமும் பிரிய வேண்டும். ஹோம்ஸ் கதவைத் திறந்து விட்டிருப்பார். நமது பெருநாள் மலரும் விட்டிருக்கும், ஒரு துளிக் கண்ணீரோடு. தபால்காரர் விடுவதில்லை. பொலிசுக்கும் போவதில்லை. "எனக்கு முன்னால அழுது என்ன செய்ய? அந்தப் பொடியன்ட உம்மாக்கிட்ட வாங்க" என்கிறார். பெருநாள் தொழுகைக்கு முன், ஊர் ஸஃபில் நிற்கும் முன், கணக்காளர் அந்த வீட்டு வாசலில் போய், கேட்கிறவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். எடுத்தது யார் என்ற மர்மம் அதோடு தீர்ந்துவிடுகிறது. மகனை ஒரு தரம் அரசாங்கத்திடமும் மறு தரம் சொந்த ஊரிடமும் பறிகொடுக்கப் பார்த்த அந்தத் தாய் என்ன சொல்வாள் என்பதை வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். அவள் மன்னிக்கலாம். கதவைச் சாத்தவும் செய்யலாம். அது அவளுடைய ஹக்கு. எழுத்தாளனுக்கும் அதில் பங்கில்லை.

இப்படி ஒரு கதை எழுதினால் அது எந்த வகையில் இலக்கியமாகாது, எந்த வகையில் மார்க்கத்துக்கு முரணாகும் என்று சிரித்தவர்களும் கோபித்தவர்களும் எனக்கு எழுதிச் சொல்லட்டும். அடுத்த பெருநாள் மலருக்குக் கதை கேட்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்தான். சட்டையில்லாத சிறுவனை இந்த முறை தூணோரம் நிறுத்தாதீர்கள். அவன் பங்கை எடுத்தது யார் என்று அவனையே கேட்க விடுங்கள்.